சுங்காய்க்குக் காப்பு

செவ்வாய்க்கிழமை காலையிலும் அந்தச் சிவப்பு வரி திரையை விட்டுப் போகவில்லை.

சுங்காய் தோட்டத்துப் பெயரடைவுக்குப் பேக்அப் எடுக்க வேண்டிய தவணை கடந்துவிட்டது என்று அது ஆங்கிலத்தில் சொன்னது. நேற்றும் அதையேதான் சொன்னது. மனிதர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது குரல் உயரும், இல்லையென்றால் சலிப்புத் தட்டும். இதற்கு இரண்டும் இல்லை. உடையப்பனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

"இன்னும் செவப்பாதான் இருக்கா அண்ணே?" கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் தட்டெழுத்தர் அகதா. அவள் உள்ளே வருவதில்லை. அந்த அறையின் ஏர்கோன் குளிருக்கு அவளுக்குத் தும்மல் வரும்.

"இருக்கு."

"அந்தத் தாளை நீங்க கிழிச்சிருக்கவே கூடாது."

அது உண்மை. உடையப்பனுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர், திரையின் அந்த மூலையில் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி மறைத்துவைத்துவிட்டு, நிம்மதியாக வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த உடையப்பன் துப்புரவாக இருக்கட்டுமே என்று அதைக் கிழித்தார். அடியில் இது இருந்தது.

தோட்டக் கம்பெனியின் ஈப்போ தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டாவது வருஷம், எண்பத்தெட்டு. கோப்பெங், தெலுக் இந்தான், சுங்காய் தோட்ட அலுவலகங்களிலும் ஆளுக்கொரு பெட்டி. தோட்டத்து ஆட்களின் பெயர், வீடு, குடும்பம், யார் எந்த மெஷினைத் தொடலாம் என்பதெல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. தினமும் காலையில் ஈப்போ பெட்டி தொலைபேசி வழியாக மற்ற பெட்டிகளைக் கூப்பிட்டு, ஊளை போன்ற இரைச்சலில் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை அங்கங்கே இருப்பவர்கள் காந்த நாடாவை மாட்டி ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பெட்டி படுத்துவிட்டால் பெயர்களை மீட்க அது ஒன்றுதான் வழி.

சுங்காயில் அதைச் செய்யத் தெரிந்திருந்தவர் அங்கே கணக்கு எழுதிய பழைய கிராணி மட்டும்தான். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். ஈப்போ அலுவலகத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் வாயில் அவர் வெறும் 'சுங்காய் கிராணி'. திரையிலும் அந்தப் பதவிப் பெயர்தான். அவருடைய நாற்காலிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆளில்லாத மத்தியானங்களில் அந்த நாற்காலி தானாகக் கிறீச்சிடுகிறது என்று ரப்பர்ப் பால் லோரி ஓட்டுகிறவர்கள் சொன்னார்கள்.

மேனேஜர் யேசுதாசன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"திங்கட்கெழம கோலாலம்பூர்லேருந்து டைரக்டருங்க வராங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அன்னைக்கும் இந்தச் செவப்பு இருந்துச்சுன்னா, சுங்காய்க்கு நான் ஆள் தேட வேண்டிய வேலை மிச்சம். நீயே போய் அந்த நாற்காலியில ஒக்காந்துக்க."

கதவு மூடிக்கொண்டது. உடையப்பனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அவர் மனைவி பாப்பாவுக்கு ஈப்போ தையல் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகி அதிக நாள் ஆகவில்லை. 'சுங்காய்க்கு மாத்தினா நீங்க போங்க. அந்த நாற்காலி இருக்கிற ஊருக்கு நான் வரமாட்டேன்' என்று காலையில்தான் கோப்பி ஆற்றிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கே நேர்ல போயி போட்டுட்டு வந்துடுங்கலா," என்றாள் அகதா.

"பஸ்ல போனா எனக்கு வாந்தி வரும்."

"லோரில போங்க."

"லோரின்னா இன்னும் மோசம்."

"பயமா இருக்குன்னு சொல்லிட்டா மாத்திரையே வேணாம் அண்ணே."

அவர் சுங்காய் அலுவலகத்துக்குத் தொலைபேசியைச் சுழற்றினார்.

மணி வெகுநேரம் அடித்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"யாருங்க?"

"நான் ஈப்போவிலேருந்து உடையப்பன் பேசுறேன்."

மறுமுனையில் சத்தம் நின்றுபோனது. தகரக் கூரையில் தூரத்து மழை விழுவதுபோல் கம்பியின் இரைச்சல் மட்டும் கேட்டது. மௌனங்களில் பல வகை உண்டு. ஆள் யோசிக்கும்போது வருவது ஒன்று, ஆள் இல்லாதபோது வருவது ஒன்று. இது இரண்டிலும் சேரவில்லை. யாரோ மூச்சை இழுத்து, அதை விடுவதா வேண்டாமா என்று நிற்பது போலிருந்தது.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குதுங்க." குரல் பாதியாகியிருந்தது.

"யார் பேசுறது?"

"இருளாயிங்க. ஆபீஸ் கூட்டுறவ... என்னை ஞாபகம் இல்லீங்களா?"

எல்லாரையும் தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், பாவம். உடையப்பன் திரையில் பெயரைத் தட்டினார். விவரம் வந்து நின்றது.

"ஏன் இல்லாம? இருளாயி. ரெண்டாவது லயம், கடைசி வீடு. புருஷன் தவறிட்டாரு. மகன் பால் வெட்டுறான். சரியா?"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"பயப்படாதீங்க," என்றார் அவர் பெருந்தன்மையாக. "ஒங்க எல்லாரோட பேரும் என்கிட்டதான் இருக்கு."

"என்ன வேணுங்க ஐயா ஒங்களுக்கு?"

"பேக்அப்பு போடணும். ரொம்ப நாளா யாருமே போடல. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"என்ன காப்புங்க?"

"பேக்-அப்பு."

"காப்புங்களா?"

படிக்காத பெண்மணிக்கு இதை எப்படி விளக்குவது என்று அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் யோசனையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஆமா, காப்புன்னே வெச்சுக்கங்க. காப்பாத்துறதுதானே அது. போடலேன்னா ஒரே நாள்ல எல்லாம் போயிடும்."

"எல்லாருமாங்க?"

"ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க."



"எப்படிங்க போடணும்?"

"அலமாரியில நாடா இருக்கும். பழசு வேணாம், புதுசா எடுத்து மெஷின்ல மாட்டிடுங்க. அவ்வளவுதான்."

"நாடாங்களா... சரிங்க ஐயா. இன்னைக்கே போட்டுடறோம். கோவிச்சுக்காதீங்க."

"எனக்கு என்ன கோவம்? வேலை நடந்தா சரி."

போனை வைத்தபோது அவருக்கு மனம் லேசாக இருந்தது. அகதாவைப் பார்த்துச் சிரித்தார். "பேசுற விதத்துல பேசினா எல்லாரும் கேப்பாங்க."

புதன்கிழமை காலை சிவப்பு வரி அப்படியே இருந்தது.

"போட்டாச்சுங்க ஐயா," என்றாள் இருளாயி. இந்தமுறை முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "நல்லா இறுக்கியே போட்டிருக்கு."

"சரியா விழலம்மா. எனக்கு இங்க தெரியுது. இன்னொண்ணு போடுங்க. போட்டுட்டு, முடியுற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது."

அலுவலகத்தை விட்டு என்றுதான் அவர் நினைத்தார்.

"யாருமேவாங்க?"

"யாருமே கூடாது. நடுவுல விட்டுட்டுப் போனா எல்லாம் வீணாயிடும்."

"அது தெரியுங்க. அது முறைதானேங்க." அவள் தயங்கினாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? காலையில போனை எடுத்தா, ஒரே கதறலா கேக்குதுங்க. மனுசன் கதறுறது மாதிரியும் இல்ல. நரி மாதிரி..."

"ஓ, அதா? அது நான்தான்."

மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

"நான்னா, இங்கேருந்து கூப்புடுறது. தெனமும் வரும். நீங்க எடுக்காதீங்க. விட்டுடுங்க. அதுவே உள்ள வந்து, பேருங்களைப் பாத்துட்டு, போயிடும்."

"உள்ள வந்துடுங்களா?"

"இவ்வளவு நாளா வந்துக்கிட்டுத்தானே இருந்துச்சு."

யாரோ விம்முவது கேட்டது. அவள்தானா, பக்கத்தில் வேறு யாருமா என்று தெரியவில்லை. தூரத்தில் மணியோசை போலவும் ஒன்று. தோட்டத்தில் பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று உடையப்பன் நினைத்துக்கொண்டார்.

"அங்க எப்படிங்க ஐயா இருக்கு?" என்றாள் அவள் திடீரென்று. அந்தக் குரலில் பயத்தோடு ஒரு பரிவும் இருந்தது.

இரண்டு மாதமாக அந்தக் கண்ணாடி அறையில் இருக்கும் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. அவர் சற்று நெகிழ்ந்துபோனார்.

"குளிரும்மா. எந்நேரமும் குளிர். வெயிலே கெடையாது."

"தனியாவாங்க?"

"தனியாத்தான். யாரும் உள்ள வர மாட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாப்பாங்க, அவ்வளவுதான்."

"சாப்பாடுங்க?"

"இதுக்குள்ள சாப்புட விட மாட்டாங்க."

"ஐயோ," என்றாள் அவள். "ஒங்களுக்கு என்ன புடிக்குமுங்க?"

"எனக்கு என்ன, கருவாட்டுக் கொழம்பு இருந்தா போதும்."

அவ்வளவுதான். மறுமுனையில் அழுகை உடைந்தது. "அதேதான்... அதேதான்..." என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

உடையப்பனும் போனை வைத்தார். தோட்டத்து மனிதர்களின் அன்பு பட்டணத்தில் இல்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை மேனேஜர் கதவைத் திறந்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

"சுங்காய்லேருந்து பால் லோரி வரல. போன் போட்டா, காப்பு போட்டிருக்கு, யாரும் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு ஈப்போவிலேருந்து உத்தரவுன்னு சொல்றாங்க. யார் போட்ட உத்தரவு அது?"

உடையப்பன் எழுந்து நின்றார்.  

"பால் கெட்டுப்போகுதுய்யா! ஒரு செவப்பு வரியை எடுக்கச் சொன்னா, ஒரு தோட்டத்தையே நிறுத்திட்டியே!"

அவர் போனதும் அகதா கதவோரம் வந்தாள். கையில் மெஷினின் கையேடு. "இதைப் பாத்தீங்களா? அழிச்ச பேருக்கு இவனுங்க என்ன பேரு வெச்சிருக்கானுங்க தெரியுமா? டூம்ஸ்டோன். கல்லறைக் கல்லு." அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "ரொம்பப் பழைய நாடாவைப் போட்டா, அழிச்ச பேரெல்லாம் திரும்ப எழும்பி வந்துடுமாம். எழுதியிருக்கு அண்ணே. நானா சொல்லல."

"அதை எதுக்கு இப்ப என்கிட்ட படிக்கிறே?"

"சும்மாதான். ஒங்க மொகத்தைப் பாக்க."

அவர் போனைச் சுழற்றினார். இந்தமுறை எடுத்தவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அங்கே ஒருத்தி மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு கூட்டமே போனைச் சுற்றி மூச்சடக்கி நின்றால் அந்த மௌனத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

"நான்தான், உடையப்பன்."

"தெரியுதுங்க."

"அந்தக் காப்பை எடுத்துடுங்க. லோரியை வெளிய விடுங்க."

"எடுத்தா..." இருளாயி இழுத்தாள். "எடுத்தா நீங்க வந்துடுவீங்களா?"

"எடுக்கலேன்னாதான் வருவேன். நேரா அங்க வந்து, அந்த நாற்காலியில ஒக்காந்து, நானே முடிச்சுட்டுத்தான் போவேன்."

இருளாயி போட்ட கூச்சல் கண்ணாடிக்கு வெளியே நின்ற அகதாவுக்கும் கேட்டது.

"வேணாங்க ஐயா! நாங்க என்ன கொறை வெச்சோம்? எல்லாம் முறையாதானே செஞ்சோம்! புள்ளைங்க இருக்கிற எடங்க!"

போன் அறுந்தது. அவமானமாக இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவன் வருகிறேன் என்றால் இப்படியா சொல்வார்கள்?

வெள்ளிக்கிழமை திரையில் இரண்டு சிவப்பு வரிகள் இருந்தன. இரண்டாவது, கோப்பெங்.

உடையப்பன் நம்பாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கோப்பெங் கிராணி சீனி ஒழுங்கான ஆள். வாரம் தவறாமல் எடுப்பவன். அவனைக் கூப்பிட்டார்.

"சீனியா? நான் ஈப்போவிலேருந்து உடையப்பன்—"

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டார். போன் எடுக்கப்பட்டது, யாரோ அவசரமாகத் தேவாரம் சொன்னார்கள், வைக்கப்பட்டது. மூன்றாவது முறை அகதா வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தாள்.

"லீவு போட்டுட்டானாம். சுங்காய்க்காரி யாரோ அவனுக்குச் சித்தியாம். அவ சொன்னாளாம், மெஷின் பக்கமே போகாதேன்னு."

"மெஷினைப் பாத்து என்ன பயம் இவங்களுக்கு?"

அகதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கேக்குறீங்க, பாருங்க."

மேனேஜர் வந்து இரண்டு வரிகளையும் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தணிந்த குரலில், "பாப்பாகிட்ட சாமான் கட்டச் சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடிந்ததும் உடையப்பன் பஸ் ஏறினார். பையில் புது நாடாக்கள், வாந்திக்கு இரண்டு எலுமிச்சம்பழம். கோப்பெங்கில் இறங்கி, சீனி பூட்டிவிட்டுப் போன அறையைக் காவலாளியைக் கொண்டு திறக்கச் செய்து, அங்கே வேலையை முடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கம்பார், தாப்பா, பீடோர். வாந்தி வரவில்லை. வரவேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது வேறொன்றை மறைக்கத்தான் என்பது அப்போது அவருக்கே புரிந்தது. சுங்காயில் இறங்கித் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்தபோது முற்பகல். ஆனால் ரப்பர் மரங்களுக்குக் கீழே எந்நேரமும் பொழுது சாய்ந்ததுபோலவே இருக்கும். ஒரே அளவில், ஒரே சாய்வில், கண்ணுக்கெட்டிய மட்டும் மரங்கள். எந்த மரத்துக்குப் பின்னாலும் ஒருவர் நிற்க முடியும். எந்த மரத்துக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை.

தோட்டத்து எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பால் லோரி அதற்கு உள்ளே நின்றது. லோரிக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ஆபீஸ் இந்தப் பக்கமா?"

"ஆமாண்ணே. நீங்க யாரு?"

"ஈப்போவிலேருந்து வாரேன். உடையப்பன்."

அவன் கண்கள் மெல்ல அவர் காலில் இருந்த சப்பாத்துக்கு இறங்கின. அங்கேயே நின்றன. பிறகு லோரியின் கண்ணாடியைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டான்.

அலுவலகத்துக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர் நடந்து வர வர, கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. யாரும் பேசவில்லை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் பார்வையும் அவர் காலடியிலேயே இருந்தது. தீபாவளிக்கு வாங்கிய சப்பாத்து நல்ல பளபளப்புதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு பெண் குழந்தையின் கண்களைப் பொத்தினாள். இன்னொருத்தி படாரென்று காலில் விழுந்தாள்.

"இருளாயியா? எழுந்திரும்மா. இதெல்லாம் எதுக்கு?"

அவள் எழவில்லை. உள்ளே கையை மட்டும் காட்டினாள்.

உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார்.

பெட்டி தெரியவே இல்லை. மஞ்சள் தடவிய நூல் அதைச் சுற்றிச் சுற்றி, வரிவரியாக, மேலிருந்து கீழ்வரை கட்டியிருந்தது. நூலுக்கு நூல் வேப்பிலை. நாடா மாட்டுகிற வாயில் ஓர் எலுமிச்சம்பழம் திணித்திருந்தது. தொலைபேசிக்கும் மஞ்சள் நூல், திருநீறு, குங்குமம். கம்பி சுவரில் நுழைகிற ஓட்டையை மாவால் அடைத்திருந்தார்கள். அலமாரியில் நாடாப் பெட்டிகள் உறை பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தன.

அவருக்கு மெல்லப் புரிந்தது. பேக்அப்பு. பேய்க்காப்பு.

நான்கு நாளாக இருந்த பயம் சிரிப்பாக வெடித்தது. தனியாக, உரக்க, கண்ணில் நீர் வருமளவுக்கு அவர் சிரித்தார். வாசலில் நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"பேய்க்காப்புன்னா கேட்டுச்சு ஒங்களுக்கு? அட, பேக்அப்பும்மா! மெஷினுக்குப் போடுறது!"

யாரும் சிரிக்கவில்லை. படித்தவர்கள் தமாஷ் இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று அவர் மன்னித்துவிட்டார்.

அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தார். பெட்டிக்கு முன்னால், துடைத்து, துண்டு விரித்து வைத்திருந்தது. மேசைமேல் தலைவாழை இலை. சுடச்சுடச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு குவளை ஸ்டவுட் பீர், பக்கத்தில் பற்றவைக்காத ஒரு சிகரெட். பசி, குழம்பின் வாசனை, பயம் எல்லாம் ஒன்றாக வந்தன. பசிதான் வென்றது. கேட்டதை ஞாபகம் வைத்துச் சமைத்திருக்கிறார்களே.

அவர் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. வாசலில் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சிழுத்தார்கள்.

"பிரமாதம்," என்றார் இரண்டாவது கவளத்தில். "ரொம்ப நாளாச்சு இப்படிச் சாப்புட்டு."

இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "திருப்திங்களா ஐயா?"

"மனசு நிறைஞ்சுபோச்சும்மா."

"அப்ப இனிமே..."

"இனிமே இதை ஒழுங்கா நடத்தினா, நான் ஒங்களை ஏன் தொந்தரவு பண்ணப் போறேன்?"

கூட்டத்தில் பலர் கைகூப்பினார்கள். ஒரு கிழவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உடையப்பன் கை கழுவிவிட்டு, நூல்களை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒவ்வொரு நூல் அறும்போதும் வாசல் சற்றுக் காலியானது. எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு நாடாவை மாட்டினார். பெட்டி முனகத் தொடங்கியபோது வாசலில் ஒருவரும் இல்லை.

முடிந்ததும் அகதாவைக் கூப்பிட்டார். திருநீறு மணக்கும் போனில் அவள் குரல் வெகுதூரத்திலிருந்து வந்தது.

"போயிருச்சு அண்ணே! ரெண்டு செவப்பும் போயிருச்சு. பாஸ் வந்து பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. திங்கட்கெழம வழக்கம்போல கண்ணாடி ரூமுக்கு வரச் சொன்னாரு."

உடையப்பன் போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சாமான் கட்ட வேண்டாம். வெளியே மரங்களிலிருந்து ரப்பர்க் காய்கள் வெடித்து எங்கோ விழும் சத்தம் கேட்டது. மற்றபடி ஒரு தோட்டமே மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று தோன்றியது. வெறும் நாற்காலி. வெறும் பெட்டி. பயமெல்லாம் பார்க்காதவரைதான்.

காப்பு அறுந்துவிட்டதால் பால் லோரி புறப்படலாம் என்றாகிவிட்டது. எல்லையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்ட லோரிக்காரன் பத்துமலை அவரைப் பஸ் நிலையம்வரை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தான். ஏறியதிலிருந்து அவன் தன் பக்கத்துக் கதவோடு ஒட்டியே உட்கார்ந்து ஓட்டினான். பாதி வழியில், மரங்கள் முடிந்து வெயில் விழுந்த இடத்தில், லோரியை நிறுத்தினான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சப்பாத்தைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுறீங்களா?"

"எதுக்குய்யா?"

"சும்மா. பாக்கணும்."

உடையப்பன் கழற்றினார். காலுறையையும் கழற்றச் சொன்னான். ஐந்து விரல்கள், பெருவிரலில் ஒரு காய்ப்பு. பத்துமலை குனிந்து, சுட்டுவிரலால் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு நீளமாக மூச்சுவிட்டுச் சீட்டில் சாய்ந்தான்.

உடையப்பனுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. "இப்படிப் பயந்து சாகுறீங்களே! போயும் போயும் ஒரு மெஷினுக்குள்ள பேய் எங்கேருந்துய்யா வரும்?"

பத்துமலை அவரைத் திரும்பிப் பார்த்தான். பெயரைச் சொன்னபின் அந்தத் தோட்டத்தில் முதன்முதலாக ஒருவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"மெஷினுக்குள்ள பேய்னு யாருண்ணே சொன்னா? போன வருசம் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனவரு அங்கேயே செத்துப்போயிட்டாரு எங்க கிராணி உடையப்பன். தெனமும் காலையில 'ஈப்போவிலேருந்து உடையப்பன் பேசுறேன், ஒங்க பேரெல்லாம் என்கிட்டதான் இருக்கு'ன்னு போன் வந்தா, நாங்க வேற யாருக்குலா காப்பு கட்டுறது?"